எங்கள் வளவில் கோரை அழிந்த விதம்

இப்போது களை சாகப் புல்லுமருந்து அடிக்காமல் தோட்டம் செய்கிறவர்கள் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். அதற்குப் புத்தகம் இருக்கிறது, வகுப்பு இருக்கிறது, வகுப்பு முடிந்ததும் தேநீரும் இருக்கிறது. நாங்கள் மருதனார்மடத்துக்குக் கிட்ட, தொண்ணூறாம் ஆண்டிலேயே அந்த முறைக்கு மாறிவிட்டோம். எங்களுக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை. சண்டை தொடங்கியதும், யாழ்ப்பாணத்துக்குள் கொண்டுவரக் கூடாத பொருட்கள் என்று அரசாங்கம் ஒரு பட்டியல் போட்டது. மண்ணெண்ணெய், பற்றரி, உரம் என்று நீண்ட அந்தப் பட்டியலில் புல்லுமருந்தும் அகப்பட்டுக்கொண்டது. அதோடு நாங்கள் இயற்கை விவசாயிகள் ஆனோம்.

இதனால் அதிகம் பயனடைந்தது கோரைதான்.

கோரையைத் தெரியாதவர்கள் பாக்கியசாலிகள். மேலே பார்த்தால் ஒரு சாண் உயரத்துக்கு அப்பாவிப் பச்சைப் புல். இழுத்தால் மறுப்பே சொல்லாமல் கையோடு வரும். வருவது இலை மட்டும். கீழே கறுப்பாக ஒரு கிழங்கு இருக்கும். அதிலிருந்து ஒரு வேர் ஓடி இன்னொரு கிழங்கு, அதிலிருந்து இன்னொன்று. மண்வெட்டியால் கொத்தினால் கிழங்குகள் பிரிந்துபோகும், பிரிந்தவை எல்லாம் தனித்தனியாக முளைக்கும். பனையோலையால் மூடினால் ஓலையைக் குத்திக்கொண்டு வெளியே வரும். நான் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பெருக்கல் என்றால் என்ன என்பதை எனக்கு விளங்கப்படுத்தியது கோரை.

எங்களுக்கு இரண்டு தறை வெங்காயக் காணி இருந்தது, கிணற்றடித் தறை ஒன்று, கிழக்குத் தறை ஒன்று. என் அப்பாவை நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். ஐயா பத்து வருடமாக மருந்தடித்துக் கோரையை அடக்கி வைத்திருந்தார். மருந்து நின்ற முதல் போகத்திலேயே அது தலையைத் தூக்கியது. ஐயா கொத்துவார், அம்மாவும் நானும் பின்னால் குந்தியிருந்து பிடுங்குவோம். பள்ளிக்கூடம் விட்டு வந்து இருட்டும்வரை பிடுங்கினால், முதல் நாள் பிடுங்கிய இடம் மறுபடியும் பச்சையாகத் தெரியும். எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது. கலியாணம் ஆகவில்லை. என் நகக்கண்ணில் இருந்த செம்மண்ணைப் பார்த்தால் யாரும் அவசரப்படவும் மாட்டார்கள்.

அந்த ஆடி மாதம் குருநகரிலிருந்து ஒரு குடும்பம் எங்கள் வேலிப் படலைக்கு வந்தது. கடற்தொழில் செய்கிற வேதக்காரர், கிறிஸ்தவர்கள். அங்கே ஷெல் விழுந்து, வீட்டை விட்டு வந்தவர்கள். முதலில் ஒரு தேவாலயத்தில் இருந்தார்களாம், அங்கே இடம் போதாமல் எழுப்பிவிட்டார்கள். பிறகு ஒரு பள்ளிக்கூடத்தில். பள்ளிக்கூடம் தொடங்க வேண்டும் என்று அங்கிருந்தும் எழுப்பிவிட்டார்கள். புருசன், பெண்சாதி, இரண்டு சின்னப் பெண்பிள்ளைகள், ஒரு சைக்கிள். கதைத்தது அந்தப் பெண்தான். என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். நான் அவரை அக்கா என்று கூப்பிடத் தொடங்கி, கடைசிவரை அதுவே நிலைத்தது.

"ஐயா, எங்களுக்கு ஒரு மூலை காணும். கரைச்சல் தரமாட்டம்" என்றார்.

மூலை போதும் என்றது சரி, ஐயா கரைச்சலைப் பற்றி, வரப்போகும் தொல்லையைப் பற்றி யோசித்தார். அவர் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடாதவர். எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயிலில் புராணம் படிக்கும்போது ஒருவர் பாட்டைப் படிக்க, இன்னொருவர் அதற்குப் பயன் சொல்வார். பயன் சொல்கிறவர் ஐயா. அந்தப் பதவிக்குரிய கண்டிப்பு அவருக்கு வீட்டிலும் இருந்தது. ஆனாலும் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, தோட்டத்து மூலையில் முன்பு புகையிலை போட்டுவந்த கொட்டிலைக் காட்டினார். காட்டிவிட்டு நிபந்தனையையும் சொன்னார்.

"மீன் காய்ச்சலாம். காத்து எங்கடை பக்கம் அடிக்காத நேரமாப் பாத்துக் காய்ச்சுங்கோ. தோட்டக் கிணத்திலை அள்ளலாம். ஆனா மாட்டிறைச்சி, பண்டி, உதுகள் வளவுக்குள்ளை வரப்படாது. வந்தா அண்டைக்கே வெளிக்கிட வேணும்."

"ஓம் ஐயா" என்றார் அக்கா.

அந்த நேரம் சைக்கிள் கரியரில் இருந்த பனையோலைக் கடகத்துக்குள், பழைய வலைத்துண்டுக்குக் கீழே, ஒரு பன்றிக்குட்டி நித்திரை கொண்டிருந்தது. இது எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது.

ஐப்பசி வந்தது. முதல் மழைக்குக் கோரை குதூகலமாக எழும்பியது. விதை வெங்காயம் வீட்டுக் கூரை வளையில் கட்டுக்கட்டாகத் தொங்கிக்கொண்டிருந்தது. தை கழிவதற்குள் நடாவிட்டால் அது வெறும் கோது. ஐயாவின் கோபம் நாளுக்கு நாள் கூடிக்கொண்டு வந்தது. ஒருநாள் அவர் கொட்டில் பக்கம் போய்விட்டு வந்து என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, இஞ்சை வந்து பார். கடற்கரை ஆக்கள் கொத்தியிருக்கிற வடிவைப் பார்."

கொட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பாய் விரிக்கிற அளவு இடம் பொலபொலவென்று கிடந்தது. ஒரு கோரை இல்லை.

"மண்ணே தெரியாத சனம். நீ பிறந்த நாள் தொட்டு உங்களுக்குச் சொல்லித் தாறன். நீங்கள் ரெண்டு பேரும் கோரையைத் தடவிக் குடுத்துக்கொண்டு இருக்கிறியள்."

எனக்கு ஏறிய கோபத்தைச் சொல்லி முடியாது. இரண்டு மாதமாக முதுகு நிமிர்த்தாமல் கிடந்தவள் நான். ஐயா போனதும் நேரே கொட்டிலின் பின்பக்கம் போனேன், அந்த வித்தையைக் கேட்க. நல்ல மனத்தோடு போகவில்லை.

வித்தை அங்கே, மீன் காய்ச்சுகிற பக்கம் என்று ஐயா எட்டிப் பார்க்காத மூலையில், கயிற்றில் கட்டியிருந்தது. நாயளவுக்கு வளர்ந்த கறுப்புப் பன்றி. மூக்கை மண்ணுக்குள் விட்டு ஒரு தூக்குத் தூக்கும், பிறகு கறுக்கறுக்கென்று சப்பும். நான் வந்ததைக் கவனிக்கவில்லை. அதற்கு வேலை இருந்தது.

அக்கா ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரீச்சர், ஐயாட்டைச் சொல்லிப்போடாதையுங்கோ. நத்தார் வருகுதெல்லே, கிறிஸ்மஸ் விருந்துக்கு எண்டு பிள்ளையள் வளர்க்குதுகள். விட்டிட்டு வர மனம் வரேல்லை. ரெண்டு இடத்தாலை எழுப்பிப்போட்டினம் ரீச்சர். இதாலையும் எழுப்பினா இதுகளைக் கொண்டு நான் எங்கை போறது?"

அவர் முகத்தைப் பார்த்து மனம் இளகிப் பேசாமல் இருந்தேன் என்று எழுத ஆசைதான். உண்மை வேறு. நான் குனிந்து, பன்றி கிண்டிய மண்ணை இரண்டு கையாலும் அள்ளி விரல்களுக்குள்ளால் விட்டுப் பார்த்தேன். இன்னொரு இடத்தில் அள்ளினேன். ஒரு கிழங்குகூட இல்லை. பத்து வருட மருந்து செய்யாததை அது செய்திருந்தது. மனம் இளகியது அதற்குப் பிறகு.

அடுத்த கிழமை ஐயா அக்காவைக் கூப்பிட்டு, கிணற்றடித் தறையையும் அதேமாதிரிக் கொத்தித் தர முடியுமா என்று மரியாதையாகக் கேட்டார். மாட்டேன் என்று சொல்கிற நிலையில் அக்கா இல்லை. பன்றி இல்லாமல் செய்யவும் முடியாது. அவருடைய புருசன் வேறொருவரின் தோணியில் தொழிலுக்குப் போய்க் கிழமைக்கு ஒருமுறைதான் வருவார். ஐயாவோ விடிந்தால் பொழுதுபட்டால் தோட்டத்தில் நிற்கிறவர்.

எங்களுக்கு வழிவிட்டது பிள்ளையார். கார்த்திகைப் பறுவம், அந்தப் பௌர்ணமி, கழிந்தால் அவருக்கு இருபத்தொரு நாள் விரதம். ஐயா காலை பத்து மணிக்குக் கோயிலுக்குப் போனால் படிப்பு, பயன், பூசை எல்லாம் முடிந்து, அங்கேயே ஒருநேரச் சாப்பாடும் முடித்துப் பின்னேரம் நாலு மணிக்குத்தான் வருவார். விரதம் தொடங்கிச் சில நாளில் பள்ளிக்கூட விடுமுறையும் வந்தது. நான் சனி ஞாயிறில் செய்ததை ஒவ்வொரு நாளும் செய்யத் தொடங்கினேன்.

முறை இதுதான். தறையில் ஒரு கட்டையை அடித்து, நாலு முழக் கயிற்றில் பன்றியைக் கட்டுவோம். அது கயிறு எட்டும் மட்டும் ஒரு வட்டம் கிண்டும். வட்டம் முடிந்ததும் கட்டையைப் பிடுங்கி அடுத்த இடத்தில் அடிப்போம். நீள்சதுரமான தறையை வட்டங்களால் மூடினால் மூலைகள் மிஞ்சும். நான் கணக்குப் பார்த்து, ஒரு வட்டம் மற்றதன்மேல் ஏறும்படி கட்டை அடித்தேன். நான் படித்த கேத்திர கணிதம் எனக்கு உதவிய ஒரே சந்தர்ப்பம் அது. பன்றி விட்ட எருவை அங்கேயே மண்ணுக்குள் தாட்டு, மண்வெட்டியால் மட்டம் செய்து, மூன்றரை மணிக்கு அதைக் கொட்டிலுக்குப் பின்னால் கட்டிவிடுவோம். நாலு மணிக்கு ஐயா நெற்றி நிறைய விபூதியோடு வந்து பார்த்துவிட்டு, "அந்தப் பிள்ளைக்குக் கை விசேசம்" என்பார்.

அம்மாவுக்குத் தெரியுமா என்று நான் கேட்கவில்லை. அந்த நாட்களில் அவர் மரக்கறித் தோலையும் கஞ்சித் தண்ணீரையும் கொட்டில் வாசலில் கொண்டுபோய் வைக்கத் தொடங்கினார். அங்கே ஆடு இல்லை என்பது அவருக்குத் தெரியாததல்ல.

இருபது நாள் இப்படிப் போனது. கிணற்றடித் தறையில் ஒரே ஒரு மூலைதான் மிச்சம்.

பிள்ளையாருக்கு அறுகம்புல் வேண்டும். அதற்கென்று வாய்க்கால் ஓரமாக ஒரு சின்னப் பாத்தி அறுகு விட்டிருந்தோம். எங்கள் வளவில் மரியாதையோடு வாழ்ந்த ஒரே புல் அது. காலையில் அதை நுள்ளிக் கட்டி ஐயாவிடம் கொடுப்பது என் பொறுப்பு. கடைசி நாள், அந்த மூலையை எப்படி முடிப்பது என்ற யோசனையில் அதை மறந்துபோனேன். ஐயாவும் விரதக் களைப்பில் கேட்காமல் போய்விட்டார்.

பதினொரு மணிபோல் அறுகு எடுக்க அவர் திரும்பி வந்தார்.

முதல்நாள் மழைக்கு நிலம் நன்றாக ஊறியிருந்தது. சரியாக அதே நேரம் பன்றி கட்டையைப் பிடுங்கிக்கொண்டு, கோரையில் சலித்துப்போயோ என்னவோ, அறுகுப் பாத்திக்குள் இறங்கிவிட்டது. ஐயா ஈரவேட்டியோடு படலையில் நிற்கிறார். பன்றி பிள்ளையாரின் பாத்தியில் நிற்கிறது. அதன் வாயிலிருந்து அறுகு தொங்குகிறது. அக்கா கயிற்று நுனியைப் பிடித்தபடி, நான் மண்வெட்டியோடு.

ஐயா சத்தம் போடுகிற மனிதர். சோற்றில் ஒரு கல் கிடந்தால் மூன்று வீட்டுக்குக் கேட்கும். அன்று அவர் திரும்பிப் போய், பக்கத்து வளவில் அறுகு கேட்டு வாங்கிக்கொண்டு கோயிலுக்கு நடந்தார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது. திரும்பிப் போய், பக்கத்து வளவில் அறுகு கேட்டு வாங்கிக்கொண்டு கோயிலுக்கு நடந்தார்.

அக்கா கொட்டிலுக்குள் போனார். சட்டிபானையை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினார். பாயைச் சுருட்டினார். பிள்ளைகளுக்கு வெளியில் போகிற சட்டையைப் போட்டுவிட்டார். அவர்கள் சந்தோசமாக எங்கே போகிறோம் என்று கேட்டார்கள். நான் வாசலில் நின்றேன். நிற்கச் சொல்ல எனக்கு உரிமை இருக்கவில்லை, வளவு என்னுடையதல்ல. மூலைகளைப் பற்றி யோசித்துக்கொண்டு அறுகை மறந்த என்னை நானே மனத்துக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். இப்போதும் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

நாலு மணிக்கு ஐயா வந்தார். வீட்டுக்குள் போகவில்லை. சால்வையை வேலியில் போட்டுவிட்டுக் கிணற்றடித் தறைக்குள் இறங்கினார். குனிந்து ஒரு பிடி மண் அள்ளி உதிர்த்துப் பார்த்தார். நாலு அடி தள்ளி இன்னொரு பிடி. தறை முழுக்க நடந்தார். அம்மா மெல்ல அவருக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"ஏன், விஷ்ணுவே எடுத்த உருவம்தானே" என்றார் அம்மா. "சிவன்ரை அடியைத் தேடி நிலத்தைக் கிண்டினவர் எண்டு நீங்கள்தானே பயன் சொல்லுறனீங்கள்."

"விசர்க் கதை கதையாதை" என்றார் ஐயா. "அவர் கடைசி மட்டும் கிண்டியும் அடியைக் காணேல்லை." மண்ணை உதறிவிட்டு நிமிர்ந்தார். "இது கண்டிருக்கு."

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"கிழக்குத் தறை அப்பிடியே கிடக்கு."

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"கட்டையை இறுக்கி அடியுங்கோ. அறுகுப் பக்கம் போகப்படாது. அந்தப் பிள்ளை மூட்டை கட்டி வைச்சிருக்குது, அவிழ்க்கச் சொல்லு."

நான் கொட்டிலுக்கு ஓடினேன். அக்கா நான் சொன்னதைக் கேட்டுவிட்டு மூட்டையின்மேலேயே இருந்து அழுதார். நானும் அழுதேன். பிள்ளைகள் பயணம் நின்றுபோனதற்காக அழுதார்கள்.

ஒரு சிக்கல் மிச்சம் இருந்தது. நத்தாருக்குச் சில நாட்களே இருந்தன, கிழக்குத் தறை பெரியது. ஐயா இரண்டு நாள் யோசித்துவிட்டு அக்காவிடம் போனார். அவர் எதையும் விளையாட்டுக்குக் கேட்கிறவர் அல்ல.

"பிள்ளை, உங்கடை நத்தாரைக் கொஞ்சம் பிற்போட ஏலாதோ? நாங்கள் பிரதோசத்துக்கு வசதி இல்லாட்டி அடுத்த பிரதோசத்துக்குச் செய்யிறனாங்கள்."

அக்கா சிரிப்பை அடக்கியபடி, நத்தாரை அசைக்க முடியாது, பன்றியை அசைக்கலாம் என்றார். அந்த நத்தாருக்கு அவர்கள் மீன் சமைத்தார்கள். அம்மா பயித்தம் பணியாரம் சுட்டுக் கொடுத்தார். கிழக்குத் தறை தைக்குள் முடிந்தது, வெங்காயம் நட்டோம். பிறகு அவர்களுடைய நாற்பது நாள் நோன்பான தபசு காலம் வந்தது, தபசில் அவர்கள் இறைச்சி தொடுவதில்லை. தபசு முடிந்ததும் ஐயா அடுத்த போகத்துக்கான நிலத்தைக் காட்டினார். இப்படிச் சைவமும் வேதமும் மாறிமாறி அந்தப் பன்றியின் உயிரைக் காப்பாற்றின.

ஐயா அதற்குப் பிறகு பன்றி என்ற சொல்லை ஒருநாளும் சொன்னதில்லை. "அது" என்பார். தொட்டதும் இல்லை. ஆனால் மழை பெய்தால், "அது நனையுதோ எண்டு பார்" என்பார். கோயிலில் யாரோ, பயன் சொல்கிறவர் வளவில் பன்றி நிற்கலாமோ என்று கேட்டிருக்கிறார்கள். ஐயா சொன்ன பதில் ஊர் முழுக்கப் பரவியது.

"அது இடம்பெயர்ந்து வந்தது. எழும்பிப் போ எண்டு சொல்ல ஏலாது."

தொண்ணூற்றுமூன்றில் அக்கா குடும்பம் குருநகருக்குத் திரும்பியது. பெரிய பன்றியைக் கூட்டிக்கொண்டு போனார்கள், இடையில் அது போட்ட குட்டிகளில் ஒன்றை விட்டுவிட்டுப் போனார்கள். ஊருக்கு நாங்கள் சொன்ன கணக்கில் அது அக்காவின் பன்றி, எங்களிடம் தங்கியிருந்தது. அக்கா போகும்போது ஐயாவைக் கும்பிட்டார். ஐயா கிணற்றைப் பார்த்துக்கொண்டு, "அடுத்த நத்தாருக்கு வாங்கோ" என்றார்.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில் இராணுவம் முன்னேறி வர, எங்கள் ஊர் அடங்கிய வலிகாமம் முழுக்க வெளிக்கிட வேண்டி வந்தது. நான் சைக்கிளில் உடுப்பு மூட்டையையும் ஒரு கட்டு விதை வெங்காயத்தையும் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். ஐயாவைக் காணவில்லை என்று தேடினால், கிழக்குத் தறையில் குந்தியிருந்து பன்றியின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். முடிச்சு இறுகிப்போயிருந்தது. பல்லால் கடித்து இழுத்தார். அவிழ்ந்ததும் அதன் முதுகில் ஒருமுறை தட்டிவிட்டு எழும்பினார். கை கழுவவில்லை.

நடந்து, நின்று, நடந்து கொடிகாமம் போய்ச் சேர்ந்தோம். பள்ளிக்கூடம், கோயில், மரத்தடி எல்லாம் சனம். மூன்றாம் நாள் ஒரு தென்னங்காணியின் படலையில் நின்றோம். காணிக்காரர் எங்களைப்போல் எத்தனையோ பேரைப் பார்த்துக் களைத்த முகத்தோடு வந்தார். என்ன சொல்லிக் கேட்பது என்று நான் சொற்களைத் தேடிக்கொண்டிருந்தேன். ஐயா முந்திக்கொண்டார்.

"தம்பி, எங்களுக்கு ஒரு மூலை காணும். கரைச்சல் தரமாட்டம்."

நான் ஐயாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

காணிக்காரர் யோசித்தார். ஐந்து வருடத்துக்கு முன் ஐயா யோசித்த அதே அளவு நேரம். ஐயா தென்னைகளின் அடியைப் பார்த்தார். ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் கோரை அடர்ந்து நின்றது.

"காணிக்குள்ளை கோரை கனக்கக் கிடக்கு தம்பி. நான் பிடுங்கித் தருவன்" என்றார். "எனக்குக் கை விசேசம்."

மாட்டுக்கொட்டிலுக்குப் பக்கத்தில் எங்களுக்கு இடம் கிடைத்தது. அம்மா மூட்டையை அவிழ்ப்பதற்கு முதலே ஐயா ஒரு தென்னைக்குக் கீழே குந்திவிட்டார். அவருக்கு அறுபத்தெட்டு வயது. ஐந்து வருடமாக அவர் கோரை பிடுங்கியதில்லை. இழுக்க இழுக்க இலை மட்டும் கையோடு வந்தது. கிழங்கு உள்ளேயே நின்றது. எனக்குத் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது. நான் போய்ப் பக்கத்தில் குந்தி இழுத்தேன். பத்து நாளில் இந்த இடமெல்லாம் மறுபடியும் பச்சையாகிவிடும் என்று நினைத்தேன். என் வாழ்க்கையில் முதல்முறையாக அந்த நினைப்பு ஆறுதலாக இருந்தது. கோரை இருக்கும்வரை எங்களை எழுப்பமாட்டார்கள்.